வியாழக்கிழமை ரெட்டை

"மறுபடியும் ரெட்டை, யில்வா! உடனே கெளம்பி வா!" என்று ரூனே போனில் அலறினான். ஒரு கையில் போன், மறு கையில் பான்கேக் திருப்பும் கரண்டி.

"ஐயோ! இந்தத் தடவை எது?"

"பதினாலு!"

பிறந்தது குழந்தை இல்லை, அத்தியாயம். இருவரும் சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதுகிறார்கள். அவன் கோதன்பர்க் நகரத்து ஃப்ளாட்டில், அவள் எதிரே உள்ள தீவில். அவள் கணினியில் எழுதுவது இணையம் வழியாக அவன் கணினிக்கும் வந்துவிடும், அவன் எழுதுவது அவளுக்கும் போகும்.

இணைப்பு அறுந்த நேரத்தில் இருவரும் ஒரே அத்தியாயத்தில் கை வைத்தால்தான் வம்பு. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் கணினி இரண்டு பிரதியையும் வைத்துவிடும். அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வரிவரியாக ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும்.

விவாகரத்தாகி மூன்று வருஷமான ஜோடிக்கு இது தேவையா, சொல்லுங்கள். அதுவும் நாலு மாசமாக, வாராவாரம் வியாழக்கிழமை!

தீவிலிருந்து படகு, பிறகு ட்ராம். எப்படி ஓடி வந்தாலும் ஒரு மணி நேரம். யில்வா பத்தாவது நிமிஷம் மணி அடித்தாள், கையில் ஜாம் பாட்டிலோடு. கோபம் வந்தால் ஆள் பறப்பாள் போலிருக்கிறது.

"என் அத்தியாயத்துல உனக்கென்ன வேலை? இந்த நாய் எங்கேர்ந்து வந்துச்சு?"

"செத்தவனுக்கு நான்தான் குடுத்தேன். பாவம், தனியா இருந்தான்."

"பொணத்துக்குத் துணைக்கு நாயா? லூசு!"

சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. அவன் அவள் தலையில் தட்டினான். வியாழக்கிழமை வழக்கமான பட்டாணி சூப் காலியானது, பான்கேக் வந்தது. நாய் கதையிலேயே தங்கிவிட்டது.

வாயைத் துடைத்துக்கொண்டு யில்வா சொன்னாள். "பதிப்பகத்துல மெயில் போட்டுருக்காங்க. திங்கக்கிழமை ரெண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பி நெட்டைச் சரி பண்ணப் போறாங்களாம். இனிமே ரெட்டையே வராதாம்."

"அப்ப நீ..."

"வர வேண்டியிருக்காது." அவள் ஜாம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூனே பான்கேக் தட்டைத் தள்ளி வைத்தான். நாலு மாசமாக அவன் வியாழக்கிழமைக்காகத்தான் உயிரோடு இருந்தான். இப்போது வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமையோடு எல்லாம் முடிந்தது.

"ஆளெல்லாம் வேணாம், யில்வா. வியாழக்கிழமை காலைல நெட் ஒயரைப் புடுங்கிட்டு, உன் அத்தியாயத்துல நாலு வரி எழுதிட்டு, திரும்ப மாட்டறது நான்தான். நீ வரணும்னுதான் செஞ்சேன். திட்டணும்னா திட்டிக்கோ."

யில்வா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போகப்போகிறாள் என்று அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"அடப்பாவி! அப்ப நான் எதுக்குடா வாராவாரம் என் வீட்டு ஒயரையும் புடுங்கி மாட்டிட்டு, உன் தெருமுனையில வந்து நின்னேன்?"