ஏணியக்காவின் கை

பந்து வளையத்தின் இரும்பில் பட்டு நேராக மேலே துள்ளியது.

ஏணியக்கா கையை உயர்த்தியபடி நின்றாள். எட்டித் தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. விட்டுவிட்டால் பந்து உள்ளேயும் விழலாம், வெளியேயும் விழலாம். உள்ளே விழுந்தால் கோப்பை எதிரணிக்கு, ஏணியக்கா வீட்டுக்கு.

ஒரு புள்ளிதான் வித்தியாசம். முடிவு மணி இதோ அடிக்கப்போகிறது.

அணியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நின்றால் நிலைப்படி இடிக்கும், உட்கார்ந்தால் முன்சீட்டு இடிக்கும். பள்ளிக்கூடத்தில் ஏணி என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரையே ஜெர்சியின் முதுகில் அச்சடித்துக்கொண்டு ஐந்து நாடுகளில் கூடைப்பந்து ஆடிவிட்டாள். ஐந்து நாட்டுக் கட்டில்களிலும் கால் வெளியேதான் கிடந்தது. அணியில் சின்னப் பெண்கள் வந்து சேரச் சேர, ஏணி ஏணியக்கா ஆனாள்.

அவள் ஆடும் இடத்துக்கு சென்டர் என்று பெயர். வளையத்துக்கு அடியில் நின்று இடி வாங்க வேண்டும், வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் எதற்கு ஆட்டம் என்றார்கள், ஆடினாள். பிள்ளை பெற்ற உடம்பு தாங்காது என்றார்கள், ஆடினாள். இரண்டு முழங்காலையும் அறுத்துத் தைத்த டாக்டர் இனிமேல் மாடிப்படிகூட ஏறாதே என்றார். அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து ஆடினாள்.

இந்த நாட்டில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று. அதற்குமுன் ஆடிய நாட்டில் வளையத்தில் துள்ளும் பந்தை யாரும் தொடக் கூடாது, எதிரணி தொட்டால் பந்து உள்ளே விழுந்ததாகவே கணக்கு. இங்கே தொடலாம், அடித்தும் விரட்டலாம். சட்டம் மண்டையில் ஏறியிருந்தது, கைக்குத்தான் ஏறவில்லை. அவள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, பந்து சாவகாசமாகக் கூடைக்குள் இறங்கியது. தோற்றார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘தூங்கும் கை’ என்று படத்தோடு போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போனதும், உதவிப் பயிற்சியாளரை வளையத்தின்மேல் பந்தை எறியச் சொல்லி, கொசு அடிப்பதுபோல் அடித்து அடித்துப் பழகினாள். தோள்பட்டை வீங்கியது. வீங்கினால் வீங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனாலும் அடுத்த வருடம் அவளுக்கு ஒப்பந்தம் இல்லை என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். கோப்பையை ஜெயித்துக் கொடுங்கள், பார்ப்போம் என்று கிளப் முதலாளி போனால் போகிறதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதைத்தான் அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கணவர் போன் செய்தார்.

“நீ ஆடினது போதும்மா. இன்னிக்குத் தோத்தாலும் நமக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. சிரிச்சுக்கிட்டே வந்துடு.”

பக்கத்திலிருந்து மாமியார் போனை வாங்கி, விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போனதில்லை என்றார். கெட்டுப்போகவில்லைதான், கோப்பையும் தூக்கவில்லையே என்று ஏணியக்கா திருப்பிக் கேட்டாள். மாமியாருக்கு நல்லவேளையாகக் காது கொஞ்சம் மந்தம்.

இப்போது பந்தை எறிந்தவள் எதிரணியின் சென்டர். இளங்கன்று. பயம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆட்டம் முழுவதும் ஏணியக்காவின் விலாவிலேயே முழங்கையை ஊன்றி வைத்திருந்தாள். ஏணியக்காவும் சும்மா இருக்கவில்லை, இடுப்பால் ஒரே தள்ளில் அவளைத் தரையில் உட்கார வைத்தாள். நடுவர் இருவரையும் கூப்பிட்டுக் கண்டித்தார். கூட்டத்தில் யாரோ, கிழவி, சின்னப் பெண்ணுக்கு வழி விடு என்று கத்தினான்.

பந்து இறங்கத் தொடங்கியது.

கை தயங்கியது. பழைய நாட்டுச் சட்டத்தை நினைத்து வந்த தயக்கம் இல்லை இது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் பொங்கியது. போதும், விட்டுக்கொடு, வழி விடு. எல்லோரும் எவ்வளவு அன்பாகச் சொல்கிறார்கள்! அந்த அன்பின் மேல்தான் அவளுக்கு ஆத்திரம்.

முடியாது.

எம்பினாள். முழங்கால் கதறியது. கதறட்டும். உள்ளங்கை முழுவதையும் விரித்துப் பந்தை ஓங்கி அறைந்தாள். அது மைதானத்தின் நடுவில் போய் விழுவதற்குள் மணி அடித்தது.

அணி மொத்தமும் ஓடிவந்து அவள்மேல் விழுந்தது. பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். ஏணியக்கா எல்லோரையும் விலக்கிவிட்டு, நொண்டிக்கொண்டே வளையத்துக்கு அடியில் போனாள்.

எதிரணிச் சென்டர் அங்கே தரையில் உட்கார்ந்து, ஜெர்சியால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

ஏணியக்கா கையை நீட்டினாள். ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவோ மனமே இல்லை. ஜெயித்தது ஜெயித்ததுதான்.

அந்தப் பெண் கையைப் பிடித்து எழுந்தாள். மூக்கை உறிஞ்சினாள். நன்றாக முறைத்தாள்.

“அடுத்த வருஷமும் நீ ஆடியே ஆகணும். உன்ன ஜெயிக்காம நான் வீட்டுப் பக்கமே வர மாட்டேன். அப்பாகிட்டயும் பாட்டிகிட்டயும் சொல்லிடு, அம்மா.”