விட்டுப்போன பேட்டி

மறுநாள் கணவருக்குப் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. அதற்கு அவர் போடப்போகும் சட்டையை இஸ்திரி போட்டபடியே, தேர்வாளர் மாதிரி கேள்வி கேட்டாள் மனைவி.

"உங்க ஆராய்ச்சி எதைப் பத்தி, டாக்டர் சார்?"

"பட்டம் வரட்டும், அப்புறம் கிண்டல் பண்ணு. வேலை பார்த்துக்கிட்டே பிஎச்.டி. சேர்ந்த ஆசிரியைகள் ஏன் பாதியில விடறாங்கன்னு."

"ஏன் விடறாங்களாம்?"

"வீடு, குழந்தை. முக்கியமா புருஷன். 'முதல்ல நான் முடிச்சிடறேன், அப்புறம் நீ படி'ன்னு சொல்லியே விட வெச்சிடறாங்க. நிறைய பேர் சொன்னாங்க."

"எல்லாரையும் பார்த்தீங்களா?"

"ஊர் ஊரா அலைஞ்சு, ஒருத்தர் விடாம."

"அப்படி மட்டும் நாளைக்குச் சொல்லிடாதீங்க. மாட்டிக்குவீங்க."

"ஏன், யாரை விட்டேன்?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"டீச்சர் வேலை பார்த்துக்கிட்டே உங்களோட அதே வருஷம் பிஎச்.டி. சேர்ந்து, குழந்தை பிறந்ததும் விட்டேனே, என்னைத்தான். அன்னிக்கு நீங்க சொன்னதும் அதே 'முதல்ல நான் முடிச்சிடறேன்'தான். என்னிக்காவது என்கிட்டயும் வந்து கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவர் எழுந்து அவள் பக்கம் வந்தார்.

"சரி விடுங்க," என்று காலரைத் திருப்பிப் போட்டாள். "அடுத்த கேள்வி. இந்த ஆராய்ச்சியால யாருக்குப் பயன்?"