கள்ளத் தாயம்

நான்காவது பக்கத்திலும் ஒரு வட்டம்.

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். விரல் நீளம்கூட இல்லாத எலும்புக் கட்டை. திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

ஒரு பக்கத்தில் ஒற்றை வட்டம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. நான்காவது பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். தாயக்கட்டை என்றால் அப்படித்தான்.

இதில் அங்கேயும் ஒன்று.

தாயம் ஆட இரண்டு கட்டை போதும். போன வாரம் திறந்த முதுமக்கள் தாழியில், எலும்புகளுக்குப் பக்கத்தில் இருந்த சிறு கிண்ணத்துக்குள் மூன்று கிடந்தன. இரண்டு ஒழுங்கானவை. இது மூன்றாவது.

"செஞ்சவன் தூக்கக் கலக்கத்துல தப்பா செதுக்கியிருப்பான். அதுக்குப் பதிலாத்தான் இன்னொண்ணு செஞ்சிருக்கான்," என்றார் அகழாய்வுக்குப் பொறுப்பான செல்வின். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் லென்ஸை இழுத்து வைத்துப் பார்த்தாள்.

மற்ற வட்டங்கள் அளவெடுத்தாற்போல் இருந்தன. நான்காம் பக்கத்து வட்டம் கோணல். யாரோ பிற்பாடு, மறைவாக உட்கார்ந்து, ஊசிமுனையால் கீறியது. அவசரம் வேறு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கட்டைகளைத் தனித்தனியாக எண்ணும் பழைய ஆட்டத்தில், எதிலாவது ஒன்று விழுந்தால்தான் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இந்த அம்மாள் தன் முறை வரும்போது மட்டும் நல்ல கட்டை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு இதை எடுத்து உருட்டியிருக்கிறாள்.

அம்மாள்தான். தாழிக்குள் இருந்தது வயதான பெண் என்று எலும்பைப் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறார். அவளுடைய மாமியார்.

கணவனுக்குக் கப்பலில் வேலை. பாதி வருடம் கடலில். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். மாமா இறந்த பிறகு அத்தை பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார், சுவரோடு சுவராக ஒடுங்கினார். பரணில் கிடந்த பித்தளைத் தாயக்கட்டைகளை இறக்கிப் புளி போட்டுத் துலக்கியது இவள்தான். அன்றிலிருந்து சாயங்காலமானால் தரையில் சாக்பீஸ் கட்டம், ஆட்டம், வம்பு, சிரிப்பு. அத்தை மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளே அதைக் கெடுத்தாள்.

உருட்டிய கட்டையை அத்தை சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததோடு விட்டிருக்கலாம்.

"கள்ளாட்டம்லா ஆடுதீய, அத்தை."

பக்கத்து வீட்டுக்காரிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"நான் உருட்டும்போது ஒங்க மாமா ஒருநாளும் கட்டையப் பாக்க மாட்டாவ."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை. சங்கரன்கோவிலில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவதாக அத்தை போனில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. பை கட்டியாகிவிட்டது. நாளைக் காலை பஸ்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இவள் உடைத்தது பொன்குடமேதான். அதில் வழக்கு வேண்டாம்.

மாமா பார்க்காமல் இருந்தது மனைவி மேல் வைத்த நம்பிக்கையால் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

கட்டையை மீண்டும் உள்ளங்கையில் எடுத்தாள். தப்பாகச் செதுக்கி ஒதுக்கியதாக இருந்தால் விளிம்பு கூராக இருக்கும். இது தேய்ந்து வழுவழுத்திருந்தது. எலும்பு இப்படித் தேய வருடக்கணக்கில் உருட்ட வேண்டும். அத்தனை வருடமும் எதிரே ஒருவர் உட்கார்ந்து தோற்றிருக்கிறார்.

இறந்தவர் புழங்கிய பொருளைத் தாழிக்குள் வைத்து மூடுவது அந்தக் கால வழக்கம். மூன்றாவதை விட்டுவிட்டு இரண்டை மட்டும் வைத்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்.

வைத்தவர் மூன்றையும் வைத்திருக்கிறார். போகிற இடத்திலும் அந்த அம்மாள் ஜெயிக்கட்டும் என்று.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சு விரித்த பெட்டியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து மூடினாள்.

வீட்டுக்குப் போனபோது அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பை.

அவள் கைகால் கழுவிவிட்டு வந்து, சாக்பீஸ் எடுத்துத் தரையில் கட்டம் போட்டாள். அத்தைக்குப் புளியங்கொட்டை, தனக்குச் சோழி. காய்களை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அத்தை கட்டத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து பையைத் திறந்தார். மடித்த சேலைகளுக்கு நடுவிலிருந்து பித்தளைக் கட்டைகள் வெளியே வந்தன.

மெல்ல இறங்கி எதிரே உட்கார்ந்தார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டைகள் உருண்டன. நின்றன.

கொஞ்சம் பொறுத்து, தரையில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"தாயம்," என்றார் அத்தை.

காயை இறக்கும் ஓசை கேட்டது. பிறகு அத்தையின் குரல்.

"நாளைக்கி பஸ்ல கூட்டமா இருக்கும்."

"ஆமா அத்தை. நிக்கக்கூட எடம் இருக்காது."

மறுபடியும் கட்டைகள் உருண்டன.

ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.