இடப்பக்கம் ஓடிய காகிதம்

காகிதம் மறுபடியும் இடப்பக்கம் நகர்ந்தது.

நாலு வரி ஒழுங்காக வந்த பாட்டு, பக்கத்துக் கட்டைகளையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு உளறத் தொடங்கியது.

ஸ்தனிஸ்லாஸ் மிதிப்பதை நிறுத்தினான்.

இது மூன்றாம் நாள். காலால் மிதித்தால், காகிதச் சுருளில் உள்ள துளைகளைப் படித்துத் தானாகவே வாசிக்கும் பழைய பியானோ. சுருள் நேராக ஓடினால்தான் துளைக்குத் துளை பொருந்தும். கிழிந்த தோல் துருத்திகளை மாற்றிவிட்டான். ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட்டான். வேறு சுருள் போட்டும் பார்த்தாயிற்று.

மதியம் தச்சர் வருவார். ஓடவில்லையென்றால் உள்ளிருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு அலமாரியாக்கிவிடுவதாக பங்களாக்காரர் பெள்ளி கவுடர் சொல்லியிருந்தார்.

"குன்னூர்க் குளிருக்குக் காகிதம் ஊறிப்போச்சு," என்றான் மனைவியிடம். "சாமானெல்லாம் எடுத்து வை."

அவள் எடுத்து வைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருஷம் திருப்பூரில் துணி செக்கிங் மெஷினில் நின்றவள். ஓடுகிற துணியின் ஓரத்தை நாளெல்லாம் பார்த்த கண். இங்கே அவள் சும்மா துணைக்கு வந்தவள். கவுடரிடம் அவன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"இன்னொருக்கா மிதிங்க."

மிதித்தான்.

அவள் கட்டைகளைப் பார்க்கவில்லை. பாட்டையும் கேட்கவில்லை. காகிதத்தின் ஓரத்தை மட்டும் பார்த்தாள்.

இரண்டு ஓரங்களிலும் மெல்லிய பித்தளை விரல் ஒன்று தொட்டுக்கொண்டிருந்தது. காகிதம் ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்தது. இடது விரல் வளைந்தது. உடனே சுருள் வலப்பக்கம் தள்ளப்பட வேண்டும்.

மெஷின் இடப்பக்கமே தள்ளியது.

நிறுத்தச் சொன்னாள்.

"ஏனுங்க, காகிதத்து மேல தப்பில்ல. அது சொல்றத மெஷின் தலைகீழாக் கேக்குது. இந்த ரெண்டு குழாயும் இடம் மாறியிருக்கு."

குழாய்களை மாட்டியவன் அவன்.

குனிந்து இரண்டையும் உருவினான்.

"நீயே மாட்டு."

மாட்டினாள். அவன் மிதித்தான்.

காகிதம் இடப்பக்கம் ஒரு நூல் போனது. நின்றது. தானாகவே திரும்பி வந்தது.

பாட்டு முழுதும் ஓடியது. கவுடர் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"தச்சர வரவேண்டாம்னு சொல்லிடுறேன்," என்றார் அவர். "புடிச்சிட்டீங்களே, ஸ்தனிஸ்லாஸ்."

"நான் மாத்தி மாட்டி வச்சிருந்தேன் சார். கண்டுபிடிச்சது இவங்க."

அவளை அவன் 'இவங்க' என்று சொன்னது அதுதான் முதல்முறை.

மூடியின் உட்புறம் பென்சில் எழுத்துகள். பழுது பார்த்தவர்களின் பெயர்கள். ஏழு. எல்லாம் ஆண்கள், எல்லாம் ஆங்கிலத்தில்.

அவன் பென்சிலை நீட்டினான்.

அற்புதமேரி என்று தமிழில், பெரிதாக எழுதினாள். கீழே, திருப்பூர்.

அவன் பெயருக்கு இடம் விடவில்லை.

அவன் கேட்கவும் இல்லை.