கசப் கடலில் ஒரு சீட்டி

ஓமானில் கசப் துறைமுகத்தில் என் மூத்த மகன் வீரபாண்டி குடும்பத்தையே படகில் ஏற்றினான். டால்பின் காட்டுகிறானாம். எதற்கென்று எனக்குத் தெரியும். சின்னவன் மலைச்சாமி போன வருசம் இந்தக் கடலில்தான் மீன்பிடிக்கப் போய் விழுந்தான். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைக் காட்டாமல் செத்தான் என்றால் நம்புகிற ஆள் நான் இல்லை.

"கடலப் பாத்துட்டீகள்ல? ஊருக்குப் போயி அவன் காரியத்த முடிச்சிருவோம்ப்பா" என்றான் வீரபாண்டி.

"நீ போய் முடி. நான் வரல."

படகோட்டி மோட்டாரை நிறுத்தி எல்லோரையும் சீட்டி அடிக்கச் சொன்னான். சத்தம் கேட்டால்தான் டால்பின் வருமாம். வந்தன. படகை ஒட்டியே துள்ளின. மருமகள் சந்தியா படம் பிடித்தாள்.

எல்லோரும் நிறுத்திய பிறகு, எதிர்ப் பாறையிலிருந்து ஒரு சீட்டி வந்தது. அங்கே ஆளும் இல்லை, படகும் இல்லை. ஊரில் ஆடு மடக்க மலைச்சாமி அடிப்பானே, அதே மாதிரி நீட்டி, கடைசியில் வெட்டி.

"எக்கோ தாத்தா" என்றாள் பேத்தி.

"யல்லா", போகலாம் என்று படகோட்டி மோட்டாரைத் தொட்டான். வீரபாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"காரியம் வேணாம்ப்பா" என்றான் என்னிடம்.

டால்பின்கள் அத்தனையும் எங்களை விட்டுவிட்டு அந்தப் பாறைக்குப் போயின. தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கி, வெறும் பாறையை அண்ணாந்து பார்த்தபடி நின்றன.