அவள் பக்கத்துத் தூசி

கோமளா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, கட்டிலில் அவள் பக்கமிருந்த மேசையில் தூசியே படியவில்லை. மறுபக்கம் இருந்த கணவர் தணிகாசலத்தின் மேசையிலோ விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு படிந்தது.

“வீட்டுத் தூசியில பாதி நம்ம உடம்புல உதிர்ற தோல்தானாமே. அப்போ என் பக்கம் மட்டும் ஏங்க படியல?”

“ஃபேன் காத்துல பறந்துடும். கண்டதையும் யோசிச்சு மனசைக் குழப்பிக்காத” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் அவள் மேசையிலும் தூசி இருந்தது. போன உயிர் வந்தது போலிருந்தது கோமளாவுக்கு. துடைக்க மனம் வரவில்லை.

மத்தியானம் தூக்கம் கலைந்து பார்த்தாள். தணிகாசலம் தன் மேசையில் வழித்த தூசியை உள்ளங்கையில் ஏந்தி, கறிக்கு உப்புப் போடுவது போல, அவள் மேசைமேல் பார்த்துப் பார்த்துத் தூவிக்கொண்டிருந்தார்.

அவர் திரும்புவதற்குள் கண்களை மூடிக்கொண்டாள். அவர் விரல் அவள் மூக்கருகே வந்து நின்றது.

அவள் மூச்சுவிட முயன்றாள்.