குருவி சொல்லச் சொல்ல

“உனக்கு என்ன எழுதணும், சொல்லு?” என்று முத்தக்கா கேட்டபோது குருவிக்கு ஒன்பது வயது. அதற்கு முன்னால் அவளிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

அது பிள்ளைகள் காப்பகத்தில், முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால். இன்றைக்கு இரண்டு பேரும் விசாரணை ஆணையத்தின் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னடி, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி புடவை விறைப்பா நிக்குது?”

“ஊர்த் துணியெல்லாம் தேய்க்கிறவ கசங்கின புடவையில வந்தா எவன்க்கா நம்புவான்?”

குருவிக்கு இஸ்திரி போடும் வேலை. காப்பகத்தில் ஏழு வயதிலேயே அவளைத் துணி துவைக்க அனுப்பிவிட்டார்கள். எழுத்து அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முத்தக்கா அங்கேயே வளர்ந்தவள்தான், நாலு வயது மூத்தவள். முத்து முத்தாக எழுதுவாள் என்பதால் அந்தப் பெயர். வாசல் பலகையிலிருந்து சமையலறைப் பட்டியல் வரை எல்லாம் அவள் கைதான். சூப்பிரண்டு முதல் காவல்காரர் வரை அந்த எழுத்தைத் தெரியாதவர் காப்பகத்தில் கிடையாது. இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

அந்தக் காப்பகத்துக் கூடத்தில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. சாவி துறை அதிகாரியிடம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து திறந்து, கார்டுகளை அள்ளிக்கொண்டு போவார். எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு முத்தக்கா எழுதிக் கொடுப்பாள். அவர்கள் கட்டைவிரல் ரேகை வைத்துப் பெட்டியில் போடுவார்கள்.

குருவி அன்றைக்குச் சொன்னாள். சூப்பிரண்டு ஐயாவின் ஸ்டோர் ரூமைப் பற்றி, மதிய வேளைகளில் உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தத்தைப் பற்றி, அதற்கப்புறம் நடப்பதைப் பற்றி. சாப்பாட்டு மணியில் தொடங்கியவள் விளையாட்டு மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை.

முத்தக்கா தலை நிமிராமல் எழுதினாள். முடித்ததும் கார்டைத் திருப்பி, காலியாகக் கிடந்த மறுபக்கத்தில் குருவியின் விரலை அழுத்தினாள்.

அதிகாரி வந்தார், பெட்டியைத் திறந்தார், குருவியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். ஒன்றும் மாறவில்லை. அடுத்த முறையும் அப்படித்தான். படித்துவிட்டும் பேசாமல் இருந்த அந்த மனிதரைத்தான் சூப்பிரண்டைவிட அதிகமாக அவள் வெறுத்தாள்.

அந்தத் துறை அதிகாரி போன மாதம் ஆணையத்தின் முன்னால், “அந்தப் பெட்டியில ஒரு புகார்கூட வந்ததில்லை” என்று சத்தியம் செய்திருந்தார். குருவி அப்போதே சொன்னதற்கு ஓர் அத்தாட்சி இருந்தால் வழக்கு நடக்கும். இல்லையென்றால் இன்றோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

“நீ வேற ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. கார்டு எழுதினது நான்தான்னு ஒரு வார்த்தை. அது போதும்.”

“சொல்றேண்டி. ஆனா அதையெல்லாம் கரையான் தின்னுடுச்சுன்னாங்களே?”

“தின்னா தின்னுட்டுப் போகுது. டீச்சர் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்குல்ல?”

கதவு திறந்தது. பியூன் எட்டிப் பார்த்தார். “உள்ள வாங்கம்மா. உங்களுக்கு நல்ல நேரம்தான். பழைய கார்டுக் கட்டு காலையில கிடைச்சுடுச்சு.”

“பாத்தியாக்கா! கரையானுக்கே கசந்திருக்கு!” குருவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

முத்தக்கா எழுந்திருக்கவில்லை. “இருடி, கால் மரத்துப்போச்சு” என்றாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரியம்மாள். ஒரு பக்கம் சூப்பிரண்டு, காதில் கருவி மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி. பக்கத்தில் அவருடைய வக்கீல். கொஞ்சம் தள்ளி, குச்சி போல இளைத்துப்போன துறை அதிகாரி.

“கார்டுல இருக்கிற ரேகை உங்களோடதுதான். மனுவில நீங்க வச்ச ரேகையோட ஒப்பிட்டுப் பாத்தாச்சு” என்றார் அதிகாரியம்மாள் குருவியிடம். பிறகு முத்தக்காவிடம் திரும்பினார். “இது உங்க கையெழுத்துதானே?”

முத்தக்கா ஆமென்று தலையசைத்தாள்.

அதிகாரியம்மாள் கார்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“மனசுக்குள்ள படிச்சா எப்படிம்மா? சத்தமாப் படிங்க” என்றாள் குருவி. “முப்பத்தொரு வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். இவங்க ரெண்டு பேரும் காதால கேக்கட்டும்.”

அதிகாரியம்மாள் தயங்கினார். பிறகு கார்டைத் திரும்ப வாங்கிப் படித்தார்.

“நான் இங்கே நலமாக இருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.”

துறை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

குருவிக்குச் சிரிப்புத்தான் வந்தது. எட்டி அந்தக் கார்டை வாங்கி முத்தக்காவிடம் நீட்டினாள். “இவங்க மாத்திப் படிக்கிறாங்கக்கா. நீ எழுதினதுதானே, நீயே படிச்சுக் காட்டு.”

முத்தக்கா கார்டைத் தொடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே போனாள்.